தண்ணிதான் உள்ள போவாது, புத்தியுமா போவாது?

வாரும்வே மருமவனே. பைனாகுலர் வாங்கப் போறீராமே, உங்க அத்தை சொன்னா. அதுலயும் தண்ணி புகாத பைனாகுலராம். ரொம்பச் சந்தோசம். நாலு தூத்தல் விழுந்தா பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடக்க மாட்டேன்னு ஆட்டோவுக்குப் போன் போடுற ஆளு, தண்ணிக்குள்ள முக்கினாலும் கெடாத சாமான் தேடுதீரு. தேடும். சாமானாவது நனையட்டும்.

எனக்கு இதுல என்ன தெரியும்னு கேக்காதீரும். இது கூந்தன்குளம்வே. 1994ல சர்க்காரு சரணாலயம்னு போர்டு வைக்குறதுக்கு ரொம்ப முந்தியே பறவ வந்துக்கிட்டு இருந்த ஊரு. கூழைக்கடாவும் மஞ்சமூக்கு நாரையும் ஊருக்குள்ள மரத்துலயே கூடு கட்டும். குஞ்சு பயந்துரும்னு தீவாளிக்கு வெடி போடாத சனம் நாங்க. அதைப் பாக்க வருசா வருசம் கழுத்துல கண்ணாடியத் தொங்கவிட்டுக்கிட்டு ஆளுக வாராவ. வாறவுககிட்ட எல்லாம், "தம்பி, ஒரு நிமிசம் குடுங்க, அந்தக் கருவேல மரத்துல என்னமோ அசையுது"ன்னு வாங்கிப் பாத்துருவேன். எங்க ஊருல ஒரு நிமிசம்னா அரை மணி நேரம். இப்பிடியே திருவிழாக் கடையில வாங்குன பிளாஸ்டிக்கும் பாத்தாச்சு, ரெண்டு லெச்சத்துக்கு மேல வெல போட்ட சுவரோவ்ஸ்கியும் பாத்தாச்சு. ரெண்டுக்கும் நான் குடுத்த வாடகை ஒரு டீ.

மொதல்ல உம்ம போன்ல காட்டுனீரே, அந்தப் படத்தை அழியும். 100x100ன்னு எழுதியிருக்கான், ராத்திரியிலயும் தெரியும்ங்கான், தள்ளுபடி போக ஆயிரத்துச் சொச்சம்ங்கான். சட்டைப் பையில போடுற சாமான்ல முன்கண்ணாடி 100 மில்லிமீட்டர் அகலம் எப்பிடிவே இருக்கும்? ஸ்கேல எடுத்து அளந்து பாரும், 25 கூட வராது. எஞ்சினியருக்குப் படிச்சீரு, இதைக் கேக்கத் தோணலையே.

எண்ணு என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கிடும். 8x42ன்னா எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். 80 மீட்டர்ல நிக்குற கரண்டிவாயன் 10 மீட்டர்ல நிக்குற கணக்காத் தெரியும். பத்து மடங்கு வாங்குனீருன்னா அது 8 மீட்டருக்கு வரும். ரெண்டே ரெண்டு மீட்டர்! அந்த ரெண்டு மீட்டருக்கு என்ன வெல குடுக்கீரு தெரியுமா? பாக்குற பரப்பு சுருங்கிப்போவும், வெளிச்சம் கொறயும், கை நடுக்கமும் எட்டு மடங்குக்குப் பதிலா பத்து மடங்காத் தெரியும். இருவது மடங்குன்னா சொல்லவே வேண்டாம். மூணு காலு ஸ்டாண்டு இல்லாமப் பாத்தீருன்னா கொளம் பூரா பூகம்பம்தான். வரித்தலை வாத்து இமயமலையத் தாண்டி வந்து நம்ம கொளத்துல எறங்குது. அதை இருவது மடங்குல நீரு தேடிப் புடிக்குறதுக்குள்ள அது வலசை முடிச்சு மங்கோலியாவுக்கே திரும்பிப் போயிரும்.

8 மடங்கு கண்ணாடியில, 1000 மீட்டர் தூரத்துல ஏறத்தாழ 130 மீட்டர் அகலத்துக்குத் தெரியும். கூட்டமாப் பறக்குற சூறைக்குருவிய மொத்தமாப் பாக்கணும்னா அந்த அகலம் வேணும். 42ஐ எட்டால வகுத்தீருன்னா அஞ்சேகால் வரும். அதுதான் கண்ணுக்குள்ள வாற ஒளிவட்டத்தோட அகலம், மில்லிமீட்டர்ல. உச்சி வெயில்ல நம்ம கண்மணி ரெண்டு மூணு மில்லிமீட்டருக்குச் சுருங்கிக் கெடக்கும், அப்பம் 8x25 போதும், சட்டைப் பையிலயும் போட்டுக்கிடலாம். ஆனா பறவை உச்சி வெயில்லயாவே வருது? விடியக்காலம் மடை தொறக்குற நேரமும், பொழுது சாஞ்சு கூட்டுக்குத் திரும்புற நேரமும்தான் காட்சி. அந்த நேரத்துக்குத்தான் 42 வேணும். 25ஐவிட ரெண்டே முக்கா மடங்குக்கு மேல வெளிச்சத்த உள்ள விடும். நீரு எந்திரிக்குற நேரத்துக்கு 25 கூட அதிகம்ங்குறது வேற கத.

சரி, இப்பம் தண்ணிக்கு வருவோம். தண்ணி புகாததுன்னா கொளத்துல போட்டு எடுக்குறதுக்குன்னு நெனச்சுக்கிட்டீரு. யாரு போடப் போறா? போட்டாலும் அது மெதக்காது, கல்லாத் தாந்துரும். அப்பம் என்ன முக்குளிச்சு எடுக்கச் சொல்லாதீரும். விசயம் மழையும் இல்ல, கொளமும் இல்ல. நம்ம ஊரு காத்துதான்வே விசயம். ஐப்பசி கார்த்திகையில காத்துல இருக்குற ஈரம், வெளிய காயப்போட்ட வேட்டிய நாலு நாளைக்குக் காயவிடாது. அந்தக் காத்து கண்ணாடிக் குழாய்க்குள்ளயும் போவும். போயி உக்காந்துக்கிடும். அப்புறம் மணிமுத்தாறு வெக்கையில இருந்து வனத்துறையில அனுமதி வாங்கிக்கிட்டு மாஞ்சோலைக்கு ஏறுதீருன்னு வையும். மேல நாலுமுக்கு, ஊத்து எல்லாம் மழைக்குப் பேரு போன எடம். குளிரு பட்டதும் உள்ள இருந்த ஈரம் உள்பக்கக் கண்ணாடியில பனியாப் படியும். எதுக்க மரத்துல சிங்கவால் கொரங்கு உக்காந்து உம்மப் பாத்துக்கிட்டு இருக்கும். உமக்கு வெள்ளையா ஒரு சொவரு தெரியும். வெளிப்பக்கம்னா துணியால தொடைக்கலாம். உள்பக்கத்த எதால தொடைப்பீரு, நாக்காலயா?

அதுக்குத்தான் நல்ல சாமான்ல ஒவ்வொரு இணைப்புலயும் ரப்பர் வளையம் போட்டு அடைச்சு, உள்ள இருக்குற காத்த வெளியேத்திட்டு, ஈரமே இல்லாத நைட்ரஜனையோ ஆர்கானையோ நெரப்பி வச்சுருக்கான். பெட்டியில அது எழுதியிருக்கான்னு பாரும். சும்மா 'மழை தாங்கும்', 'ஈரம் தாங்கும்'னு எழுதியிருந்தா நைசா வச்சுட்டு வந்துரும், அது வியாபாரி பேச்சு. எத்தன மீட்டர் ஆழத்துல எத்தன நிமிசம்னு கணக்குச் சொல்லியிருக்கணும். ஐபிஎக்ஸ் 7ன்னு போட்டுருந்தா ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் கெடந்தாலும் உள்ள புகாதுன்னு அர்த்தம். ஐபிஎக்ஸ் 4ன்னா மேல தெளிக்குற தண்ணிய மட்டும்தான் தாங்கும். தண்ணி புகாதுன்னு மட்டும் போட்டு, நைட்ரஜன் பேச்சே இல்லன்னா, உள்ள இருக்குற ஈரமும் வெளிய போவாதுன்னு அர்த்தம் வே. அடைச்ச வீட்டுக்குள்ள திருடனையும் வச்சு அடைச்ச கதைதான்.

பேரு பெரிய கம்பெனின்னு நம்பிக் கண்ண மூடாதீரும். ஒரே நிக்கான்ல ப்ராஸ்டாஃப், மோனார்க் வரிசையெல்லாம் அடைச்சது. அக்குலான் வரிசையில பலது அடைக்காதது. கடையில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்துருக்கும். அக்குலான்ல படம் ஒண்ணும் மோசம் இல்ல, காசும் கம்மி. வைகாசி வெயில்ல கரையில உக்காந்து பாக்குறவனுக்கு அது தாராளமாப் போதும். மழக்காலத்துல அலையணும்னா அடைச்சதப் பாரும்.

சிலத மட்டும் ஏன் அடைக்காம விடுதான்னு கேக்க மாட்டீரு, நானே சொல்லுதேன். தோளு அகண்டு, நடுவுல வளஞ்சு நிக்குற பழைய மோஸ்தரு ஒண்ணு உண்டு. 1854ல இத்தாலிக்காரர் போர்ரோ உரிமம் வாங்குன பட்டகத்த உள்ள வச்சது. அதுல நடுச்சக்கரத்தத் திருவுனா கண்ணு வைக்குற குழா ரெண்டும் வெளிய வந்து உள்ள போவும். சைக்கிள் பம்பு வேலதான், ஒவ்வொரு திருவலுக்கும் வெளிக்காத்தும் தூசியும் உள்ள ஏறும். அதை அடைக்குறது செரமம். நேரா ரெண்டு குழா நிக்குற மாதிரி இருக்கே, கூரைப் பட்டக வகை, அதுல அசையுற கண்ணாடி உள்ளுக்குள்ளயே அசையும், வெளிய ஒண்ணும் நகராது. அதனால அடைக்குறது லேசு. கப்பல்காரன் வச்சுருக்குற 7x50 பழைய மோஸ்தருதான், ஆனா தண்ணி புகாது. எப்பிடின்னா அதுல நடுச்சக்கரமே கெடையாது, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாத் திருவணும். கடலப் பாக்குறவனுக்குச் சரி. பக்கத்துல ஒரு தடவ மீன்கொத்தி, தூரத்துல ஒரு தடவ விரால் அடிப்பான்னு மாத்தி மாத்திப் பாக்குற நமக்கு, ரெண்டு கையும் திருவுறதுக்கே சரியாப் போவும்.

எட்டுல இருந்து இருவத்திநாலு வரைக்கும் ஜூம் ஆவுற சாமான் ஒண்ணு காட்டுவான். வேண்டாம்னு சொல்லிட்டு, கடைக்காரரு குடுத்த தண்ணியக் குடிச்சுட்டு வந்துரும்.

செவப்பாப் பளபளன்னு மின்னுற கண்ணாடியும் அப்பிடித்தான். கல்யாண வீட்டுக்கு மாட்டிக்கிட்டுப் போவ நல்லாருக்கும். செவப்ப எல்லாம் வெளியவே திருப்பி அனுப்பிட்டா உள்ள என்னவே மிஞ்சும்? செங்கால் உள்ளானோட காலு என்ன நெறம்னு நாம சண்ட போட்டுக்கிட்டுக் கெடக்கணும். கண்ணாடிக்குப் பூச்சு வேணும், ஆனா இந்தப் பூச்சு இல்ல. எல்லாக் கண்ணாடிப் பரப்புக்கும் பல அடுக்குப் பூச்சுப் போட்டதான்னு கேளும். கூரைப் பட்டகம்னா கட்டப் பூச்சு, அதான் ஃபேஸ் கோட்டிங், இருக்கான்னும் கேளும். அது 1988ல ஜெய்ஸ்காரன் கொண்டாந்தது, இப்பம் நடுத்தர வெலச் சாமான்லயே வந்துருச்சு. கடைப் பையன் முழிப்பான். முழிச்சா, மொதலாளி வாற வரைக்கும் நீரு பாட்டுக்கு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துக்கிட்டு இரும்.

கடையில பாக்குற மொற ஒண்ணு இருக்கு. உள்ள டியூப் லைட்டுல பாக்காதீரும், வாசலுக்கு வாரும். கண்ணாடியக் கை நீட்டுற தூரத்துல புடிச்சு, வானத்துப் பக்கம் திருப்பி, கண்ணு வைக்குற குழாயில தெரியுற சின்ன வெளிச்ச வட்டத்தப் பாரும். முழு வட்டமா இருந்தா பட்டகம் நல்ல கண்ணாடி. ஓரத்துல வெட்டுப்பட்டுச் சதுரமாத் தெரிஞ்சா காசுல புடிச்சுருக்கான். அப்புறம் கரண்டு கம்பியப் பாரும். கம்பி ரெண்டாத் தெரிஞ்சாலும், ஒண்ணாச் சேர ஒரு நொடி கண்ணு முக்கினாலும், ரெண்டு குழாயும் நேர்ல இல்ல. அதை எடுத்துட்டு வந்தீருன்னா சாயங்காலம் தலைவலின்னு சொல்லுவீரு, அத்தை சுக்குக் காப்பி போடணும். ஒரு முக்கியமான விசயம், இதுல கேலி இல்ல: எந்தக் கண்ணாடி ஆனாலும் சூரியன் பக்கம் திருப்பிராதீரும். ஒரு நொடி போதும், கண்ணு போயிரும்.

வாங்குன அன்னைக்கே கண்ணுக்குச் சரி பண்ணிக்கிடும். வலது கண்ண மூடிக்கிட்டு, எடது கண்ணால ஒரு எலையப் பாத்து நடுச்சக்கரத்தத் திருவும். தெளிவா வந்ததும் எடத மூடிக்கிட்டு, வலது குழாயில இருக்குற வளையத்தத் திருவும். அவ்வளவுதான், அப்புறம் அந்த வளையத்தத் தொடவே வேண்டாம். இங்க வாறவுகள்ல பாதிப் பேரு லெச்ச ரூவா குடுத்துட்டு இந்த வளையம் எதுக்குன்னே தெரியாம ஒத்தக் கண்ணால பாத்துட்டுப் போறாவ.

மூக்குக்கண்ணாடி போட்டவனுக்கு இன்னொரு கணக்கு உண்டு. குழாயில இருந்து கண்ணு எத்தன மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் முழுப் படமும் தெரியும்னு பெட்டியில போட்டுருப்பான். 15க்குக் கொறயக் கூடாது, 17, 18 இருந்தா நிம்மதி. குழா ஓரத்து ரப்பர் கப்பு திருவுனா மேல வந்து கீழ போவணும். இதை மட்டும் மறந்துராதீரும், ரெண்டு தடவ சொல்லுதேன்: 17, 18.

எடையும் பாத்துக்கிடும். 8x42ன்னா அரைக்கிலோவுக்கு மேல, முக்காக்கிலோவுக்குள்ள இருக்கும். கடையில கையில புடிக்கும்போது ஒண்ணும் தெரியாது, மதியம் கழுத்து சொல்லும். கூட வாற வாரத் தூக்கிப் போட்டுட்டு, தோள்ல மாட்டுற வாரா ஒண்ணு வாங்கிக்கிடும். ரொம்பக் கனம்னா 8x32 இருக்கு, அதுலயும் அடைச்ச சாமான் கெடைக்கும், அந்திக் கருக்கல்ல கொஞ்சம் விட்டுக்குடுக்கணும். ரெண்டு மீட்டர் பக்கத்துல இருக்குற தட்டானையும் தெளிவாக் காட்டுற கண்ணாடின்னா இன்னும் நல்லது. பறவை வராத மாசத்துல பட்டாம்பூச்சியப் பாத்துக்கிட்டுக் கெடக்கலாம்.

வாங்கிட்டு வந்து என்ன பண்ணுவீருன்னும் எனக்குத் தெரியும். ஏசி போட்ட கார்ல வருவீரு, கதவத் தொறந்து எறங்குவீரு, கண்ணாடி வெளிப்பக்கம் பூரா மூடிப்போவும். "நைட்ரஜன் போட்டது மூடாதுன்னு சொன்னீரே மாமா"ன்னு என்ன ஏசுவீரு. நைட்ரஜன் உள்ள இருக்குறதுவே, வெளிய இருக்குறது கூந்தன்குளத்துக் காத்து. கொஞ்ச நேரம் பைக்குள்ளயே வச்சு, வெக்கை ஏறினதும் எடும். உடனே பனியன் நுனியத் தூக்கித் தொடைச்சிராதீரும். மேல இருக்குற தூசி மணலு, தேய்ச்சா பூச்சு போயிரும். மொதல்ல ஊதும், அப்புறம் அதுக்குன்னு இருக்குற மெல்லிசுத் துணியால தொடையும். உவரி, மணப்பாடுன்னு ஆலாவப் பாக்கக் கடக்கரைக்குப் போனா உப்பு படியும். அடைச்ச சாமான்ங்கறதால நல்ல தண்ணியக் கொஞ்சமா ஊத்திக் கழுவிரலாம். அடைக்காததுல இதைச் செஞ்சீருன்னா அன்னையோட அது மீன் தொட்டி.

அதோட வந்த தோல் பைய அழகா இருக்குன்னு அதுக்குள்ளயே வச்சு பீரோவுல பூட்டாதீரும். பூட்டுனவுக சாமான நான் பாத்துருக்கேன். கண்ணாடி மேல வெள்ளை நூலா பூஞ்சை ஓடியிருக்கும், அது பூச்சையே அரிச்சுத் தின்னுரும். மூடி நல்லா இறுகுற டப்பாவுல, சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு வையும். கார் டேஷ்போர்டு மேல வெயில்ல போட்டு வச்சீருன்னா ரப்பர் வளையம், பசை, எண்ணெய் எல்லாம் சீக்கிரம் கெட்டுப்போவும். அப்புறம் தண்ணி புகாதுங்குறது பெட்டியில மட்டும்தான் இருக்கும்.

எங்க திருப்பிப் பாக்குறதுங்குறதுலயும் நிதானம் வேணும். விஜயநாராயணத்துல நிக்குதே கடற்படைக் கம்பம், 471 மீட்டர் உயரம், அது கட்டபொம்மன் பேரு வச்ச தளம். பறவை அங்கன உக்காந்துருக்குன்னு அதையே மொறச்சுக்கிட்டு நிக்காதீரும். இந்தப் பக்கம் கூடங்குளம், அந்தப் பக்கம் மகேந்திரகிரி ராக்கெட்டுத் தளம். கழுத்துல பைனாகுலரும் மூஞ்சியில முழியுமா நிக்குற உம்ம எவனாவது கூட்டிக்கிட்டுப் போயி விசாரிச்சா, மாமான்னு என் பேரத்தான் சொல்லுவீரு. படித்துறைப் பக்கமும் திருப்பிராதீரும். அங்கன விசாரணையெல்லாம் கெடையாது, வாரியல்தான்.

இதெல்லாம் இல்லாம ஒருத்தரு பறவை பாக்கலையான்னு கேப்பீரு. 1912ல நம்ம திருநெல்வேலியில பொறந்த மா. கிருஷ்ணன், வேற வேற கேமராப் பாகத்தையெல்லாம் ஒண்ணாச் சேத்து வச்ச கேமராவுலயே காட்டை அப்பிடிப் படம் புடிச்சாரு. ஆனா அவரு யானை எந்தப் பக்கம் வரும்னு தெரிஞ்ச ஆளு. உமக்கு யானை வந்துட்டுப் போனதையே நாங்கதான் சொல்லணும். அதனால நீரு காசு குடுத்தே வாங்கும்.

காசுன்னதும் மொகம் சுருங்குதே. 10,000 ரூவாய்க்குக் கீழ அடைச்ச நல்ல 8x42 தேடாதீரும், 30,000க்கு மேலயும் போவாதீரும். அதுக்கு மேல குடுக்குற காசுக்கு ஓரம் வரைக்கும் தெளிவு கூடும், நெறம் சுத்தமாவும், உண்மதான். ஆனா நாமக்கோழிய நாமக்கோழியாத்தான் காட்டும். மிச்சக் காசுல பறவை பேரு சொல்லுற புஸ்தகம் ஒண்ணும், தொப்பி ஒண்ணும் வாங்கும்.

வாங்குனதும் நேரா இங்க கொண்டாந்துரும். சென்னையில உம்ம பிளாட்டு ஜன்னலத் தொறந்தா எதுத்த பிளாட்டு ஜன்னலு, அதைப் பாக்க எதுக்கு எட்டு மடங்கு? பொங்கலுக்குப் பறவைக் கணக்கெடுப்புக்குன்னு பிள்ளைக வருவாவ, அப்பம் நீரும் வாரும். மத்த நாளுல அது இங்கனயே இருக்கட்டும். கண்ணுக்கும் குழாய்க்கும் 17, 18 மில்லிமீட்டர் இருக்கணும்னு சொன்னேம்லா? உமக்கு எதுக்குவே அது, நீரு மூக்குக்கண்ணாடியா போட்டுருக்கீரு? கண்புரை ஆப்பரேசனுக்கு அப்புறம் எனக்கு அதுக்குக் கொறஞ்சா சரியாத் தெரியறதில்ல. நடுச்சக்கரம் லேசாத் திரும்புறதா, பச்ச நெறமாப் பாத்து எடும். பில்லு மட்டும் உம்ம பேருலயே இருக்கட்டும், வாரண்டிக்கு அலையணும்னா நீருதான அலையணும்.